டிசைன் கல்லூரியில் மாணவர் கற்றலை மதிப்பிடுவது எப்படி: புதிதாக வந்த ஆசிரியருக்கு ஒரு வழிகாட்டி

டிசைன் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே பலருக்கும் ஒரு கூடுதல் பொறுப்பு தலையில் வந்து விழும். "உங்கள் பாடப்பிரிவின் கற்றல் விளைவுகளை மதிப்பிட்டு அறிக்கை கொடுங்கள்" என்பார்கள். கற்றல் விளைவு என்றால், படிப்பை முடிக்கும் மாணவருக்கு என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்பது. கூடவே ஓர் எக்செல் படிவமும் வரும். வரையவும் வடிவமைக்கவும் சொல்லிக்கொடுக்கவும் தெரிந்தவருக்கு அந்தப் படிவத்தை எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாது. செமஸ்டர் முடிந்ததும் மதிப்பெண் பட்டியலை எடுப்பார். 60க்கு மேல் வாங்கியவர்கள் இத்தனை சதவீதம், ஆகவே விளைவு எட்டப்பட்டது என்று நிரப்பி அனுப்பிவிடுவார். யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். அதனால் யாருக்கும் பயனும் இருக்காது.

மதிப்பெண் ஏன் போதாது? அதில் பல சங்கதிகள் கலந்து கிடக்கின்றன. வருகைப்பதிவு, நேரத்துக்குச் சமர்ப்பித்தது, பிரிண்டின் தரம், ஜூரியில் (வேலையை ஒரு குழுவின் முன் வைத்து விளக்கி, அவர்களின் கருத்தைக் கேட்கும் நிகழ்வு) பேசிய விதம், மூன்று சிறு பயிற்சிகள், ஒரு பெரிய ப்ராஜெக்ட் எல்லாம் சேர்ந்து 78 என்று ஒரே எண்ணாகிவிடுகிறது. அந்த 78ஐப் பார்த்து, இந்த மாணவிக்குப் பயனரிடம் கேள்வி கேட்கத் தெரியுமா, ஒரு யோசனை சரிவராதபோது அதைக் கைவிடத் தெரியுமா என்று சொல்ல முடியாது. ஒரு மாணவர் பாடத்தை எப்படி முடித்தார் என்று சொல்வதற்கு மதிப்பெண் போதும். நாம் நடத்தும் படிப்பு எதைக் கற்றுக்கொடுக்கிறது, எங்கே கோட்டைவிடுகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் கற்றல் மதிப்பீடு. இரண்டும் ஒரே வேலைகளை வைத்து நடக்கலாம். கேட்கும் கேள்விதான் வேறு. கீழே வரும் படிகள் இந்த இரண்டாவது கேள்விக்கானவை.

1. கண்ணால் பார்க்கக்கூடிய விளைவுகளை எழுதுங்கள்

பாடத்திட்டத்தைத் திறந்தால் "மாணவர் டைப்போகிராஃபியின் அடிப்படைகளைப் புரிந்துகொள்வார்", "படைப்பாற்றலை வளர்த்துக்கொள்வார்" போன்ற வரிகள் இருக்கும். கேட்க நன்றாக இருக்கும், மதிப்பிட முடியாது. ஒருவர் புரிந்துகொண்டாரா என்பது அவர் செய்ததிலிருந்தும் சொன்னதிலிருந்தும்தான் நமக்குத் தெரியவரும். ஆகவே அவர் என்ன செய்வார், என்ன சொல்வார் என்றே எழுதிவிடுங்கள்.

டைப்போகிராஃபி வரியை இப்படி மாற்றலாம்: "20 பக்கங்களுக்கு மேல் போகும் ஓர் ஆவணத்தில் தலைப்பு, துணைத்தலைப்பு, பத்தி, அடிக்குறிப்பு ஆகியவற்றின் படிநிலை கடைசிப் பக்கம்வரை குலையாமல் நிற்கும்படி எழுத்துரு, அளவு, இடைவெளி மூன்றையும் தேர்ந்தெடுப்பார், அந்தத் தேர்வுக்குக் காரணம் சொல்வார்." நீளமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வரியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மாணவரின் புத்தகத்தைப் புரட்டினால் எதைத் தேட வேண்டும் என்று தெரிகிறது. இதையே சோதனையாக வைத்துக்கொள்ளலாம். உங்கள் பாடத்தை நடத்தாத சக ஆசிரியரிடம் அந்த வரியைக் காட்டுங்கள். மாணவரின் வேலையில் எதைத் தேடுவார் என்று அவரால் சொல்ல முடிந்தால் வரி தேறிவிட்டது.

வினைச்சொற்களுக்குப் பஞ்சம் வந்தால் எல்லோரும் ப்ளூமின் பட்டியலுக்குப் போவார்கள். கற்றல் நோக்கங்களை எளியதிலிருந்து கடினமானதுவரை வரிசைப்படுத்தி, கல்வி உளவியலாளர் பெஞ்சமின் ப்ளூமின் குழு 1956இல் வெளியிட்ட ஆறு அடுக்குகளில் உச்சியில் இருந்தது மதிப்பிடுதல். 2001இல் ஆண்டர்சனும் க்ராத்வோலும் அதைத் திருத்தியபோது உருவாக்குதலை உச்சிக்குக் கொண்டுபோனார்கள். மற்ற துறைகளுக்கு இது வசதியான ஏணி. டிசைனில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு: நம் மாணவர்கள் சேர்ந்த முதல் வாரத்திலேயே எதையாவது உருவாக்கத் தொடங்கிவிடுகிறார்கள். "உருவாக்குவார்" என்ற சொல்லை மட்டும் வைத்து இது முதலாண்டு வேலையா இறுதியாண்டு வேலையா என்று சொல்ல முடியாது. நிலையைக் காட்டுவது பிரீஃபின் (என்ன செய்ய வேண்டும் என்று மாணவருக்குக் கொடுக்கும் வேலைக் குறிப்பு) சிக்கலும், ஆசிரியர் எவ்வளவு கைபிடித்து அழைத்துப்போகிறார் என்பதும்தான். முதலாண்டில் ஒரே ஒரு நிபந்தனையோடு சிக்கலை நாம் கொடுக்கிறோம். இறுதியாண்டில் ஒன்றோடொன்று மோதும் பல நிபந்தனைகளுக்கு நடுவே சிக்கலை அவரே கண்டுபிடித்து வரையறுக்கிறார். அந்த வேறுபாட்டை விளைவு வரியிலேயே எழுதிவிடுவது நல்லது.

எத்தனை விளைவுகள்? முழுப் பட்டப்படிப்புக்கும் ஐந்தோ ஆறோ போதும். சிக்கலை வரையறுத்தல், பயனரை விசாரித்தல், பல மாற்று வழிகளைத் தேடிச் சோதித்தல், பொருளையும் கருவியையும் கையாளும் திறன், வேலையை விளக்கிப் பேசுதல், வடிவமைப்பின் சமூக, சுற்றுச்சூழல் விளைவுகளை எண்ணிப்பார்த்தல் என்ற அளவில் முடித்துக்கொள்ளலாம். பதினெட்டு விளைவுகள் கொண்ட ஆவணங்கள் இருக்கின்றன. அவை குழுக்கூட்டத்தில் யார் மனதையும் நோகடிக்காமல் இருக்க எழுதப்பட்டவை என்பது என் எண்ணம்.

2. எந்தப் பாடத்தில் எது நடக்கிறது என்று ஒரு கட்டம் போடுங்கள்

இடப்பக்கம் பாடங்களின் பெயர், மேலே விளைவுகள். ஒவ்வொரு கட்டத்திலும் அறிமுகம், பயிற்சி, தேர்ச்சி என்ற மூன்றில் ஒன்றை எழுதுங்கள்; தொடர்பே இல்லையென்றால் காலியாக விடுங்கள். ஆசிரியர்கள் எல்லோரும் ஒரு மணிநேரம் சேர்ந்து உட்கார்ந்தால் முடிந்துவிடும்.

ஒவ்வொரு ஆசிரியரும் தன் பாடம் எல்லா விளைவுகளையும் தொடுகிறது என்றுதான் முதலில் சொல்வார். "அதற்கு எந்தப் பயிற்சி கொடுக்கிறீர்கள், எதை வாங்கிப் பார்க்கிறீர்கள்?" என்று கேளுங்கள், பாதிக் கட்டங்கள் காலியாகிவிடும். அப்புறம் கட்டத்தை மேலிருந்து கீழாகப் படித்துப் பாருங்கள். பயனரை விசாரித்தல் இரண்டாமாண்டில் ஒரு பாடத்தில் அறிமுகமாகி, நடுவில் எங்குமே பயிற்சி இல்லாமல், இறுதியாண்டு ப்ராஜெக்ட்டில் நேராகத் தேர்ச்சியாக எதிர்பார்க்கப்படும். மதிப்பீடு தொடங்குவதற்கு முன்பே ஓர் ஓட்டை கண்ணில் பட்டுவிட்டது. விளைவு, பயிற்சி, மதிப்பீடு மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்று ஜான் பிக்ஸ் 1990களில் வலியுறுத்தியது இதைத்தான்: பயிற்சி கொடுக்காததை மதிப்பிடுவது நியாயமில்லை.

3. எந்த வேலையைச் சான்றாக எடுப்பது

சான்றில் நேரடி, மறைமுகம் என்று இரண்டு வகை உண்டு. மாணவர் செய்த வேலையைப் பார்ப்பது நேரடி. கருத்துக்கணிப்பு, பழைய மாணவர்களின் பதில்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்ற கணக்கு எல்லாம் மறைமுகம். மறைமுகச் சான்றைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம், தனியாக அதை மட்டும் நம்பக்கூடாது. "எனக்கு ஆய்வு செய்யத் தெரியும்" என்று மாணவர் டிக் அடிப்பதும், அவர் ஆய்வு செய்திருப்பதும் ஒன்றாகிவிடாது.

நேரடிச் சான்றிலும் ஒரு பொறி இருக்கிறது. டிசைன் கல்லூரியில் கண்காட்சி நாளன்று சுவரில் தொங்குவதுதான் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். அதை மட்டும் பார்த்து மதிப்பிட்டால் மினுமினுப்புக்குத்தான் உயர்ந்த நிலை கிடைக்கும்.

முதியவர்கள் படிக்கும்படி ஒரு மாத்திரைப் பெட்டியை மறுவடிவமைப்பது என்று ஒரு பிரீஃப் கொடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாணவரின் பெட்டி கடையில் வாங்கியதுபோல அத்தனை நேர்த்தி. மடிப்புகள் கச்சிதம், வண்ணங்கள் அமைதி. ஆனால் அவரது ஸ்கெட்ச் புக்கில் ஒரே ஒரு யோசனைதான். முதல் நாள் வரைந்ததையே மூன்று வாரம் மெருகேற்றியிருக்கிறார். இன்னொரு மாணவி கொடுத்தது சாதாரணத் தாளில் அச்சடித்து ஒட்டிய பெட்டி, ஓரங்கள் பிசிறடிக்கின்றன. ஆனால் ஏழெட்டு வழிகளை வரைந்திருக்கிறார். அவற்றில் இரண்டைச் செய்து ஒரு முதியவரிடம் காட்டியிருக்கிறார். காலை மாத்திரைக்கு மஞ்சள், இரவு மாத்திரைக்கு நீலம் என்று வைத்திருந்தது மங்கிய வெளிச்சத்தில் இரண்டும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரிந்தது என்று குறித்துவைத்து, வண்ணத்தை விட்டுவிட்டுத் தொட்டால் தெரியும் மேடுகளுக்கு மாறியிருக்கிறார். பயனரை விசாரித்துத் தீர்வை மாற்றுதல் என்ற விளைவில் மாணவி மேலே நிற்கிறார். கைத்திறன் என்ற விளைவில் மாணவர் மேலே. இருவருக்கும் மதிப்பெண் பட்டியலில் 72 என்று இருக்கலாம். அந்த 72 இந்த வேறுபாட்டை முழுங்கிவிடும்.

ஆகவே மூன்று வகையான சான்றுகளைச் சேர்த்து வாங்குங்கள்: முடிந்த வேலை, அது உருவான வழி, மாணவரின் சொந்த விளக்கம். இதை எளிமையாக வைத்துக்கொள்ள ஒரு வழி உண்டு. ஒவ்வொருவரிடமும் ஆறு பக்கத்துக்கு மேல் போகாத ஒரு பிடிஎஃப் கேளுங்கள். அதில் தேதி போட்ட ஆரம்ப ஸ்கெட்ச்கள், நடுவில் கைவிட்ட ஒரு முயற்சி, சோதனைக் குறிப்பு, இறுதி வேலையின் படங்கள், "எதை ஏன் மாற்றினேன்" என்று 300 சொற்களுக்குள் ஒரு விளக்கம் இவை இருந்தால் போதும். கைவிட்ட முயற்சியைக் கட்டாயமாக்குங்கள். மாணவர்கள் அதைத்தான் முதலில் தூக்கிப்போடுவார்கள். நமக்கு அதிகம் சொல்வதும் அதுதான். ஒரு சொல்லைத் தட்டினால் ஏஐ கருவிகள் பளபளப்பான படத்தைக் கொடுத்துவிடும் இந்தக் காலத்தில் இது இன்னும் முக்கியம். அந்தக் கருவியைப் பயன்படுத்தியிருந்தால் எந்தக் கட்டத்தில், எதற்காக, வந்ததில் எதை ஏற்றார், எதைத் தள்ளினார் என்பதும் அந்த விளக்கத்தில் வரட்டும்.

குழுவாகச் செய்த வேலை என்றால், ஒவ்வொருவரும் தன் பங்கைப் பற்றித் தனித்தனியாக எழுத வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் மதிப்பிடுவது குழுவின் மிகத் திறமையான ஒருவரைத்தான்.

4. ரூப்ரிக் எழுதுவது

வேலையின் கனமான பகுதி இதுதான். அவசரப்படாதீர்கள். ரூப்ரிக் என்பது ஒரு கட்டம்: ஒரு பக்கம் அளவுகோல்கள், இன்னொரு பக்கம் நிலைகள். நாலைந்து அளவுகோல்கள், நான்கு நிலைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிலைகள் வைத்தால் சந்தேகம் வரும்போதெல்லாம் கை தானாக நடுவில் போய் உட்கார்ந்துவிடும்; நான்கில் அந்த வசதி இல்லை.

எல்லோரும் செய்யும் தவறு, நிலைகளை "சுமார், நன்று, மிக நன்று, சிறப்பு" என்று எழுதுவது. இதில் அளவுகோலே இல்லை, வெறும் மனநிலைதான் இருக்கிறது. ஒவ்வொரு நிலையிலும் கண்ணுக்கு என்ன தெரியும் என்று எழுதுங்கள். பயனரை விசாரித்தல் என்ற அளவுகோலை எடுத்துக்கொள்வோம்.

நிலை 1: பயனரைப் பற்றிய எல்லாக் கூற்றும் மாணவரின் ஊகம்; யாரிடமும் பேசியதற்கோ கவனித்ததற்கோ தடயம் இல்லை.
நிலை 2: பயனரிடம் பேசியிருக்கிறார், குறிப்பு இருக்கிறது; ஆனால் வடிவமைப்பு அதற்கு முன்பு எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது.
நிலை 3: கண்டறிந்த ஒன்றால் வடிவமைப்பில் குறைந்தது ஒரு முடிவு மாறியிருக்கிறது, எது எதனால் மாறியது என்று காட்டுகிறார்.
நிலை 4: கண்டறிந்தது பிரீஃபையே கேள்விக்குள்ளாக்கியிருக்கிறது, சிக்கலைத் திருத்தி வரையறுத்து, அந்தத் திருத்தத்தை மறுபடியும் பயனரிடம் சோதித்திருக்கிறார்.

இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே இருக்கும் கோடுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கேள்வித்தாள் விநியோகித்து வண்ண வரைபடம் போட்டுவிட்டு, முதலில் நினைத்ததையே செய்துமுடிப்பது டிசைன் மாணவர்களிடம் அடிக்கடி காணும் பழக்கம். அதை இந்தக் கோடு பிடித்துவிடும். ரூப்ரிக் எழுதும்போது முதலில் அந்த நடுக்கோட்டை எழுதிவிட்டு, அங்கிருந்து மேலும் கீழும் போங்கள். வேலை சுலபமாகும்.

"படைப்பாற்றல்" என்று ஓர் அளவுகோல் வைக்கலாமா என்று கேட்பீர்கள். அந்தச் சொல்லை மட்டும் வைத்தால் ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்ததைத்தான் அளப்பார். அதைச் செயலாக உடைத்துப் பாருங்கள்: யோசனைகள் ஒன்றிலிருந்து ஒன்று எவ்வளவு விலகியிருக்கின்றன, பழகிய தீர்வை விட்டு எங்கே நகர்ந்தார். முழுமையாகப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்று தோன்றினால் அதற்கும் வழி இருக்கிறது. தெரசா அமாபிலி 1982இல் முன்வைத்த முறையில், துறை அறிந்த பலர் ஒருவரோடு ஒருவர் பேசாமல் தனித்தனியே மதிப்பிடுகிறார்கள். அவர்கள் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்பதைப் பொறுத்து அந்த மதிப்பீட்டின் நம்பகம் தெரிகிறது. இன்னொன்று, இரண்டிரண்டு வேலைகளாகப் பக்கத்தில் வைத்து "இதில் எது மேல்?" என்று மட்டும் கேட்பது. லூயிஸ் தர்ஸ்டன் 1927இல் வகுத்த ஒப்பீட்டு விதியிலிருந்து வளர்ந்த முறை அது. கண்ணால் பார்த்து முடிவெடுப்பவர்களுக்கு இது இயல்பாக வரும். ஆனால் எது மேல் என்று சொல்லுமே தவிர, கீழே இருப்பதில் என்ன குறை என்று சொல்லாது. பாடத்தைத் திருத்த வேண்டும் என்றால் ரூப்ரிக்தான் உதவும்.

ரூப்ரிக்கை பிரீஃபோடு சேர்த்து முதல் நாளே மாணவர்களிடம் கொடுத்துவிடுங்கள். ஒளித்துவைக்க அதில் ஒன்றும் இல்லை.

5. கண்களை ஒத்திசைக்கும் கூட்டம்

ரூப்ரிக் எழுதியாகிவிட்டது, இனி ஆளுக்குப் பத்து வேலைகளைப் பிரித்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். அதற்கு முன் ஒருமுறை எல்லோரும் சேர்ந்து மூன்று வேலைகளைப் பார்க்க வேண்டும். போன ஆண்டு மாணவர்களுடையது என்றால் இன்னும் நல்லது.

முறை எளிது. ஒரு வேலையை எல்லோருக்கும் கொடுங்கள். பேசாமல், தனித்தனியே, ஒவ்வொரு அளவுகோலுக்கும் நிலையை எழுதட்டும். ஒரு வரியில் காரணமும் எழுதட்டும். அப்புறம் எல்லா எண்களையும் ஒரே நேரத்தில் பலகையில் எழுதுங்கள். மூத்தவர் முதலில் வாய்திறந்தால் மற்றவர்களின் எண்கள் அவரைப் பார்த்து நகர்ந்துவிடும். எழுதிவிட்டுப் பேசச் சொல்வது அதற்காகத்தான்.

ஒருவர் 2, இன்னொருவர் 4 என்று போட்டிருப்பார்கள். இங்கேதான் கூட்டத்துக்கு உயிர் வருகிறது. மாத்திரைப் பெட்டி மாணவிக்கு 2 போட்டவர், "பேசியது ஒரே ஒரு முதியவரிடம்தானே" என்பார். 4 போட்டவர், "ஒருவரிடம்தான் பேசினார், ஆனால் அதை வைத்து முழு அணுகுமுறையையும் மாற்றிவிட்டாரே" என்பார். யார் சரி என்பதைவிட, எத்தனை பேரிடம் பேசினார் என்பதை நாம் மதிப்பிடுகிறோமா, பேசியதை என்ன செய்தார் என்பதை மதிப்பிடுகிறோமா என்று முடிவுசெய்வதுதான் முக்கியம். முடிவுக்கு வந்ததும் ரூப்ரிக்கின் சொற்களை அங்கேயே திருத்துங்கள். மேலே உள்ள நான்கு நிலைகளின்படி பார்த்தால், அவர் சிக்கலை மறுவரையறை செய்யவில்லை, தீர்வைத்தான் மாற்றினார். ஆகவே 3.

ஒரு நிலை வித்தியாசத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளலாம். இரண்டு நிலை விலகினால் மூன்றாவது ஆள் பார்க்கட்டும். மதிப்பிடுவோரின் இசைவை அளக்க 1960இல் ஜேக்கப் கோஹென் தந்த கப்பா போன்ற கணக்குகள் உண்டு. இருபது வேலைகளுக்கு அதெல்லாம் வேண்டாம், எத்தனை வேலைகளில் ஒத்துப்போனார்கள் என்று எண்ணினாலே போதும். பாடம் நடத்திய ஆசிரியரே தன் மாணவர்களை மதிப்பிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவருக்கு அந்த மாணவரின் சொந்தக் கதை, பட்ட பாடு எல்லாம் தெரியும், தாளில் இல்லாததையும் சேர்த்துப் படித்துவிடுவார். மாணவர் எண்ணிக்கை அதிகம் என்றால் குலுக்கல் முறையில் 25 வேலைகளை எடுங்கள். சிறந்தவற்றை மட்டும் பொறுக்கி எடுக்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள், அது கண்காட்சிக்கு உரியது.

6. ஜூரியை என்ன செய்வது

கட்டிடக்கலையிலும் டிசைனிலும் ஜூரிதான் நெடுநாளைய மதிப்பீட்டு முறை. பாரிஸின் எகோல் தெ போஸார் பள்ளியில் அது மூடிய கதவுக்குப் பின்னால் நடந்தது. மாணவர் உள்ளே இருக்கமாட்டார், முடிவு மட்டும் வெளியே வரும். இன்று கதவு திறந்திருக்கிறது, மாணவர் முன்னால் நிற்கிறார். அதனால் புதிய கோளாறுகளும் வந்துவிட்டன. நன்றாகப் பேசுகிறவரின் வேலை நன்றாகத் தெரிகிறது. பதினெட்டாவதாக வருபவருக்கு ஜூரியின் களைப்புதான் மிஞ்சுகிறது. ஒருவர் உரக்கச் சொன்னதை மற்றவர்கள் வேறு சொற்களில் திரும்பச் சொல்கிறார்கள்.

ஜூரியை ஒழிக்க வேண்டியதில்லை; அது கற்பிக்கும் இடம், அதைக் கற்பிக்கவே விடுங்கள். மைக்கேல் ஸ்க்ரிவன் 1967இல் பிரித்துக்காட்டிய வளரறி மதிப்பீடு (கற்கும்போதே திருத்திக்கொள்ள உதவுவது), தொகுத்தறி மதிப்பீடு (முடிவில் தீர்ப்புச் சொல்வது) இரண்டையும் ஒரே அரைமணிக்குள் திணிப்பதுதான் தொல்லை. ப்ராஜெக்ட்டின் நடுவில் ஒரு ஜூரியை மதிப்பெண் இல்லாமல் நடத்துங்கள். ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், கருத்து மட்டும் பெற்ற மாணவர்கள் அடுத்த வேலையில் முன்னேறினார்கள். கருத்தோடு மதிப்பெண்ணும் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. அது பள்ளிப் பிள்ளைகளிடம் செய்தது, டிசைன் ஸ்டூடியோவுக்கு அப்படியே பொருந்தும் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் தாளைத் திருப்பிக் கொடுத்ததும் மாணவரின் கண் எங்கே போகிறது என்று பார்த்திருப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்காது.

நடு ஜூரியில் சில பழக்கங்களை வைத்துக்கொள்ளுங்கள். பேசுவதற்கு முன் ஜூரி உறுப்பினர்கள் இரண்டு நிமிடம் வேலையைப் பார்த்து எழுதட்டும். எட்மண்ட் ஃபெல்ட்மன் கலை விமர்சனத்துக்குச் சொன்ன வரிசை இங்கே கைகொடுக்கும்: முதலில் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லுங்கள், அப்புறம் அது எப்படி அமைந்திருக்கிறது என்று, அப்புறம் என்ன பொருள் தருகிறது என்று, கடைசியில்தான் தீர்ப்பு. "எனக்குப் பிடிக்கவில்லை" என்று தொடங்கும் ஜூரிக்கு இது நல்ல கடிவாளம். நிற்கும் மாணவருக்குப் பதற்றத்தில் பாதி காதில் விழாது. நண்பர் ஒருவர் குறிப்பெடுத்துக் கொடுக்கட்டும். மறுநாள் மாணவர் தான் கேட்டதில் எதை ஏற்கிறார், எதை மறுக்கிறார், ஏன் என்று அரைப்பக்கம் எழுதித் தரட்டும். அந்த அரைப்பக்கம் மேலே சொன்ன ஆறு பக்கச் சான்றில் சேர்ந்துவிடும். உங்களுக்குக் கிடைப்பதில் மிக நேர்மையான சான்று பெரும்பாலும் அதுவாகவே இருக்கும்.

7. வந்த எண்களைப் படிப்பது

எத்தனை பேர் எந்த நிலையில் இருந்தால் திருப்தி என்பதை முன்கூட்டியே எழுதிவையுங்கள். "முக்கால்வாசிப் பேர் நிலை 3 அல்லது அதற்கு மேல்" என்பதுபோல. முடிவைப் பார்த்த பிறகு எழுதினால் எல்லாமே வெற்றியாகத் தெரியும்.

சராசரி போடாதீர்கள். 2.6 என்ற எண் எல்லோரும் நடுவில் இருப்பதையும் காட்டும், பாதிப் பேர் மேலேயும் பாதிப் பேர் கீழேயும் இருப்பதையும் காட்டும். ஒவ்வோர் அளவுகோலுக்கும் நான்கு நிலைகளிலும் எத்தனை பேர் என்று எழுதினால் போதும். 22 பேர் உள்ள வகுப்பில் ஒரு மாணவர் என்பது கிட்டத்தட்ட 4.5 சதவீதம். "போன ஆண்டைவிட 9 சதவீதம் சரிவு" என்று அறிக்கையில் எழுதினால் பயமாக இருக்கும். அது இரண்டு பேர்தான். ஆகவே தலைகளை எண்ணி எழுதுங்கள்.

எடுத்துக்காட்டாக, 22 பேரில் கைத்திறனில் 19 பேர் நிலை 3 அல்லது அதற்கு மேல், பயனரை விசாரித்தலில் 8 பேர்தான் என்று வந்தால், இந்தப் படிப்பு எதைச் சொல்லிக்கொடுப்பதில் நேரத்தைச் செலவழிக்கிறது என்று தெரிந்துவிடும். இரண்டாம் படியில் போட்ட கட்டத்தை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். பெரும்பாலும் காரணம் அதிலேயே இருக்கும்.

ஒரு எச்சரிக்கை: இந்த எண்களை ஆசிரியர்களைத் தரவரிசைப்படுத்த யாராவது பயன்படுத்த ஆரம்பித்தால் அன்றோடு விஷயம் முடிந்தது. அடுத்த முறை எல்லா வேலையும் நிலை 4ஆக இருக்கும். பொறுப்பெடுக்கும்போதே துறைத்தலைவரிடம் இதைப் பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள்.

8. ஒன்றை மாற்றுங்கள், மறுபடி பாருங்கள்

அறிக்கை அனுப்புவதோடு நிறுத்திக்கொள்வதுதான் வழக்கம். அங்கீகாரம் தரும் அமைப்புகள் வந்து கேட்பதோ அதற்கு அடுத்த பக்கத்தை: கண்டறிந்த பிறகு என்ன செய்தீர்கள்?

பெரிதாக எதுவும் வேண்டாம். "ஆய்வு முறைகள் என்று ஒரு புதிய பாடம் சேர்க்கலாம்" என்று கூட்டத்தில் யாராவது சொல்வார். அது ஒப்புதல் பெற்று வருவதற்குள் இந்த மாணவர்கள் பட்டம் வாங்கிப் போயிருப்பார்கள். இருக்கும் பாடத்தில் பிரீஃபை மாற்றுவது அதைவிட வேகமான வழி. மூன்றாம் செமஸ்டர் ஸ்டூடியோவில், மூன்று பயனர்களைக் கவனித்த களக்குறிப்பு கொடுத்த பிறகுதான் ஸ்கெட்ச் தொடங்கலாம் என்று ஒரே ஒரு நிபந்தனை போடுங்கள். நடு ஜூரியில் "பேசியதால் எது மாறியது?" என்ற கேள்வியை எல்லோரிடமும் கேளுங்கள். அடுத்த ஆண்டு அதே ரூப்ரிக், அதே அளவுகோல், புதிய வேலைகள். 8 பேர் 13 ஆனார்களா, 8லேயே நின்றார்களா என்று பாருங்கள். நின்றுவிட்டால் நிபந்தனையில் கோளாறா, பயனரைத் தேடிப்போகக் கொடுத்த நேரம் போதவில்லையா என்று மாணவர்களிடமே கேட்கலாம். மறைமுகச் சான்று பயன்படும் இடம் இதுதான். எண் ஏன் அப்படி வந்தது என்று அது சொல்லும். இன்டர்ன்ஷிப் மேற்பார்வையாளர்கள் எழுதும் குறிப்புகளையும் இந்த நேரத்தில் புரட்டிப் பாருங்கள்.

இவ்வளவையும் ஒரே பக்கத்தில் எழுதிவைக்கலாம்: எந்த விளைவு, எந்த வேலைகள், எத்தனை பேர் எந்த நிலையில், எதை மாற்றினோம், எப்போது மறுபடி பார்ப்போம். நாற்பது பக்க அறிக்கையை நீங்கள் போன பிறகு வருபவர் படிக்கமாட்டார். ஒரு பக்கத்தைப் படிப்பார்.

முதல் ஆண்டில் ஆறு விளைவுகளையும் ஒரேயடியாக எடுக்காதீர்கள். ஒன்றே ஒன்று, அதுவும் உங்களுக்கே சந்தேகம் இருப்பதை எடுங்கள். ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ என்று போனால் நான்கு ஆண்டுப் படிப்பின் ஒரு சுற்றுக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

கோப்புகளைப் பற்றி

மாணவர் வேலைகளைச் சேர்த்துவைக்க அவர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். படிப்பை மதிப்பிடத்தான் இது, மதிப்பெண்ணைத் தொடாது என்றும் அதிலேயே சொல்லிவிடுங்கள். மதிப்பிடுவோரிடம் கொடுக்கும் முன் பெயரை எடுத்துவிட்டு எண் போடுங்கள். களக்குறிப்பில் வரும் பயனர்களின் முகமும் பெயரும் கூட மறைய வேண்டும்; அந்த முதியவர் மாணவிக்குத்தான் சம்மதம் கொடுத்தார், உங்கள் குழுவுக்கு இல்லை. கோப்புகள் துறையின் பொதுச் சேமிப்பில் இருக்கட்டும். ஒருவரின் மடிக்கணினியில் மட்டும் இருந்தால், அவர் வேலை மாறும்போது எல்லாம் அவரோடு போய்விடும். ரூப்ரிக்கின் ஒவ்வொரு திருத்தத்தையும் தேதி போட்டுத் தனிக் கோப்பாகச் சேமியுங்கள். அடுத்த ஆண்டு எண்களை ஒப்பிடும்போது எந்தச் சொற்களை வைத்து மதிப்பிட்டோம் என்று தேட வேண்டிவரும்.